முன்பாரம்

"கண்ணை மூடு தம்பி. இப்போ எந்தப் பின்கால் வருது, சொல்லு."

"வலது."

"இல்லே."

"அப்போ இடது."

"நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ளே அது ஊனியாச்சு. மறுபடி."

2018 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன் என்றால் குளிர்காலம். கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. மேட்டுப் பக்கமான ஷோங்வேனியில் விடியற்காலையில் குதிரையின் மூச்சு புகையாக வரும். லெராட்டோ என்ற வயதான பசோத்தோ மட்டக்குதிரையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கையில் கடிவாள வார் இல்லை, காலில் அங்கவடி இல்லை. நீளக் கயிறு ஒன்றைப் பிடித்தபடி மணல் திடலின் நடுவில், எனக்குச் சவாரி கற்றுக்கொடுக்கும் அக்கா நிற்கிறார். லெராட்டோ அவரைச் சுற்றி நடக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் கால்களைச் சொல்ல வேண்டும்.

அதற்குள் ஒன்றரை வருடம் பழகியிருந்தேன். ட்ராட் என்ற துள்ளோட்டத்தில் தாளத்துக்கு எழுந்து உட்காரத் தெரியும். அதைவிட வேகமான கேன்டரில் விழாமல் இருக்கத் தெரியும். கழுத்து, காது, பிடரி எல்லாம் கண் முன்னால் இருப்பதால் குதிரை என்றாலே எனக்கு அந்த முன்பாதிதான். சேணத்துக்குப் பின்னால் இன்னொரு பாதி இருக்கிறது, உந்துகிற வேலையை அதுதான் செய்கிறது என்பது அன்று காலை ஒரு கேள்விக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் திணறியபோதுதான் உறைத்தது.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் டர்பனில் பிறந்து வளர்ந்தவர், நான்காம் தலைமுறை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததில் தொடங்கிய கதையில், பிறகு வந்த ஏதோ ஒரு கப்பலில் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் அவருடைய முன்னோர். தமிழ் ஆயாவிடம் கேட்டு வந்தது. சமையலறைத் தமிழ் என்று அவரே சொல்வார். ஆனால் குதிரையிடம் பேசும்போது அந்தத் தமிழ்தான் முதலில் வரும். நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன், வேலைக்காக 2013இல் டர்பனுக்கு வந்தவன். நான் பேசுவது ரேடியோத் தமிழ் போல இருக்கிறது என்பார். அவருடைய ஆங்கிலமும் ஜூலுவும் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். இரண்டு பேரும் நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்வோம்.

அவருடைய அப்பா ஒரு பந்தய லாயத்தில் குதிரைக்காரராக இருந்தவர். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டலாம், கட்டு மாற்றலாம், கையில் பிடித்து மணிக்கணக்காக நடத்தலாம். பந்தயத்தில் ஏறி உட்கார அந்தக் காலத்தில் அவருக்கு இடம் கிடையாது. தோல் நிறம் பார்த்துத்தான் எல்லாமே நடந்தது. ஆனால் தார்ச்சாலையில் குதிரைகள் போகும் சத்தத்தைக் கேட்டே எந்தக் குதிரைக்கு எந்தக் கால் கனக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அக்கா குதிரை ஏறியது 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்ததற்கு அப்புறம்தான், முப்பது வயதைத் தாண்டி. அப்பாவின் காதைக் கொண்டுதான் சவாரி கற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்லும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

சரி, கால்களுக்கு வருகிறேன்.

குதிரை நடக்கும்போது நான்கு குளம்பும் தனித்தனியாக, நான்கு அடியாக விழும். இடது பின்னங்கால் தரையை விட்டு முன்னே வரும்போது இடுப்பு அந்தப் பக்கம் இறங்கும். வயிறு எதிர்ப்பக்கம் ஒதுங்கி அந்தக் காலுக்கு வழி விடும். மேலே இருப்பவருக்கு இடப்பக்கத்து உட்காரும் எலும்பு ஒரு சிறு குழிக்குள் இறங்கி முன்னே நகர்வது போலத் தெரியும். கால் ஊன்றி உடலைத் தாங்கியதும் அந்தப் பக்கம் மறுபடி மேலே வரும். இதை எழுத இரண்டு நிமிடம் ஆகவில்லை. உடம்பால் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதலில் தொடையை இறுக்கிப் பிடித்திருந்தேன், அதனால் ஒன்றும் வந்து சேரவில்லை. தொடை தளர்ந்த பிறகு ஏதோ ஆடுவது தெரிந்தது. அப்புறம் ஒருநாள், நினைக்காத நேரத்தில், "இடது, வலது, இடது" என்று வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிட்டே வந்து லெராட்டோவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஊன்றிய காலை இன்னும் முன்னே வை என்று யாராலும் குதிரையிடம் சொல்ல முடியாது, அதன் மேல் முழு உடம்பும் நிற்கிறது. தரையை விட்டுக் கிளம்பும் காலிடம்தான் சொல்ல முடியும். அந்த நொடியில் என் கெண்டைக்கால் மெல்லத் தொட்டால் குதிரை பெரிதாக அடி வைக்கும். நொடி தப்பினால் எவ்வளவு உதைத்தாலும் வேகம் கூடுமே தவிர அடி நீளாது. ஒன்றரை வருடம் நான் ஊன்றிய காலைத்தான் உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பலர் அதையே செய்துவிட்டுப் போன குதிரைகள் எதையும் காதில் வாங்காமல் மரத்துப் போயிருந்ததில் என்ன ஆச்சரியம்.

அக்கா அடிக்கடி சொல்லும் சொல் 'எங்கேஜ்மென்ட்'. நம் ஊரில் அது நிச்சயதார்த்தம். குதிரைக்காரர்களிடம் அதன் பொருள் வேறு. பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் நன்றாக உள்ளே வந்து, இடுப்பும் முழங்காலும் கணுவும் மடங்கி, பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, விட்டுத் தள்ளுவது. ஒரு குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களின் மேல் இருக்கிறது. தலையும் கழுத்தும் அங்கே அல்லவா நீண்டிருக்கின்றன. அதற்கு மேல் பிடரி முடிகிற இடத்தை ஒட்டி 75 கிலோ மனிதன் ஒருவன் ஏறி உட்கார்ந்தால் முன்பக்கம் இன்னும் கனக்கும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. நெஞ்சுக்கூடு முழுவதும் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசையாலேயே தூளி கட்டியது போலத் தொங்குகிறது. அந்தத் தூளி தொய்யவும் செய்யும், தூக்கிக் கட்டியது போல எழவும் செய்யும். பின்கால் எவ்வளவு பாரம் வாங்குகிறது என்பதோடு அது சேர்ந்தே நடக்கும்.

இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாத்தாவின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது.

மூட்டை ஏற்றி முடித்ததும், மாடு பூட்டுவதற்கு முன், தாத்தா நுகத்தடிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். கை அமுங்கினால் "முன்பாரம்" என்பார். வண்டியில் நிற்பவர்கள் இரண்டு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். நுகம் தானாக மேலே எழும்பினால் பின்பாரம். அப்படியே ஓட்டினால் மாட்டின் தொண்டையைக் கயிறு இறுக்கும். மறுபடி ஒரு மூட்டை முன்னே வரும். மறுபடி கை. நுகம் உள்ளங்கையில் கனமும் இல்லாமல் எழும்பவும் செய்யாமல் உயிரோடு ஆடும்போதுதான் "ம், பூட்டு" என்பார். அளவுகோல், தராசு எதுவும் இல்லை. அந்தக் கைக்கு எத்தனையோ வண்டிகளின் பாரம் தெரிந்திருந்தது.

இதை அக்காவிடம் சொன்னேன். "பாரம்" அவருக்குத் தெரிந்த சொல். "முன்பாரம்" என்பதை அவர் கேட்டதில்லை. இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து திடலின் நடுவிலிருந்து "தம்பி, முன்பாரம்!" என்ற குரல் வரத் தொடங்கியது. இப்போது தமிழே தெரியாத சின்னப் பிள்ளைகளும் அந்தத் திடலில் அதைச் சொல்கிறார்கள்.

லெராட்டோவிடமிருந்து என்னைத் துரையிடம் அனுப்பினார். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரை, பழுப்பு நிறம், நீளக் கால், நீள முதுகு. பதிவேட்டில் வேறு பெயர். கம்பீரத்தைப் பார்த்து அக்கா வைத்த பெயர்தான் துரை. அவன் மேல் உட்கார்ந்த முதல் நாளே, இதுதான் குதிரை என்று தோன்றியது. லெராட்டோ குட்டைக் காலால் தட்தட்டென்று ஓடுவாள். துரை தண்ணீர் ஓடுவது போலப் போனான். வாரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததும் கழுத்தை வளைத்து மூக்கை நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தான். நண்பர் ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. காலண்டர் குதிரை போல இருந்தான்.

அக்கா படத்தைப் பார்த்துவிட்டு என்னை இறங்கச் சொன்னார். திடலில் துரை ஓடிய தடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இது முன்குளம்பு. இது பின்குளம்பு. பாரு."

பின்குளம்பு முன்குளம்பின் தடத்துக்கு ஒரு சாண் பின்னால் விழுந்திருந்தது. வட்டம் முழுக்க அப்படித்தான். முன்குளம்புத் தடம் மட்டும் நுனியில் ஆழமாகக் குத்தியிருந்தது. கழுத்தை மடக்கி, என் கையில் சாய்ந்துகொண்டு, பின்காலை இழுத்தபடி ஓடியிருக்கிறான். தாத்தா நுகத்துக்கு அடியில் கை கொடுத்திருந்தால் கை நசுங்கியிருக்கும்.

டிரெஸ்ஸாஜ் என்ற குதிரைப் பயிற்சிப் போட்டியின் விதிகளே, குதிரையின் மூக்குக்கோடு செங்குத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அதுவும் பின்னாலிருந்து வேலை நடந்து, முதுகு வழியாக வந்து, கடைசியாகக் கழுத்தில் தெரிய வேண்டியது. ஜெர்மானியப் பயிற்சிப் படிகளில் தாளம் முதலில், பிறகு தளர்வு, பிறகு வாரின் தொடர்பு, உந்துதல், நேராகப் போவது, கடைசியாகத்தான் உடலைச் சுருட்டிச் சேர்ப்பது. கழுத்தை வளைப்பது என்று ஒரு படியே கிடையாது. என்னைப் போன்றவர்கள் கடைசிப் படியின் தோற்றத்தைக் கையால் இழுத்து முதல் நாளே கொண்டுவந்துவிடப் பார்க்கிறோம். கை நமக்குப் பழகிய உறுப்பு என்பதால் வரும் வினை. பேனா, கத்தி, ஸ்டியரிங் எல்லாவற்றையும் கையால்தானே பிடித்து வந்திருக்கிறோம்.

துரை விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. பந்தயத்தில் ஓட்டுபவர் வாரை இறுக்கிப் பிடித்தால் குதிரை அதன் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். இரண்டு வயதிலிருந்து அவன் கற்ற பாடம் அது. நான் நிறுத்துவதற்காக இறுக்கினேன், ஓடச் சொல்கிறேன் என்று அவன் புரிந்துகொண்டான். இருவரும் நியாயமாகத்தான் நடந்துகொண்டோம். மாற வேண்டியவன் நான். வாரை நீளமாக விட்டு, 20 மீட்டர் வட்டத்தில், பத்து அடி ட்ராட், நாலு அடி நடை, மறுபடி ட்ராட் என்று மாதக்கணக்கில் செய்தோம். ஒவ்வொரு மாற்றத்திலும் அவன் பின்கால் ஒரு அடி உள்ளே வந்தாக வேண்டும். எனக்கும் மூச்சை வெளியே விட்டு முதுகை நிமிர்த்தியே வேகத்தைக் குறைக்கப் பழக்கம் வந்தது. வேகம் குறைந்தபோது ஆரம்பத்தில் ஏமாற்றமாக இருந்தது. அந்த வழுக்கிக்கொண்டு போகிற சுகத்தை நான் பலம் என்று நினைத்திருந்தேன்.

லெராட்டோவிடமும் இதற்கு நேர்மாறான ஒரு ஏமாற்று உண்டு. வேகமாகப் போகச் சொன்னால் ட்ராட்டுக்குப் பதிலாக 'ட்ரிப்பல்' என்ற ஓட்டத்துக்குப் போய்விடுவாள். நாலடித் தாளம், துள்ளலே கிடையாது. மடியில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு போகலாம். இது அவளுடைய வம்சத்தில் வருவது. 1653இல் ஜாவாவிலிருந்து கேப் முனைக்கு வந்த நாலு மட்டக்குதிரைகளிலிருந்து கேப் குதிரை வந்தது, அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் லெசோத்தோ மலைகளில் பசோத்தோ குதிரை வந்தது. பாறையிலும் பனியிலும் நாள் முழுக்க ஆளைச் சுமந்து போக அந்த ஓட்டம் மிக நல்லது. ஆனால் லெராட்டோ அதற்குப் போகும்போது முதுகு பலகையாக இறுகிவிடும். எனக்குச் சுகமாக இருக்கும், அவளுக்குப் பின்கால் வேலை குறைந்துவிடும். சுகமான உட்காருதலும் குதிரையின் சமநிலையும் ஒன்று என்று நான் வைத்திருந்த எண்ணத்தை இந்த இரண்டு குதிரைகளும் இரண்டு பக்கத்திலிருந்து உடைத்தன. ஒரே ஒரு குதிரையை வைத்திருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது. அந்தக் குதிரையின் குறையையே குதிரை என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது, பூர்பெர்ட் இனத்து ஐந்து வயதுக் குதிரை ஒருவன். சேணமே புதிது அவனுக்கு. பின்புட்டம் பிடரியைவிட உயரமாக வளர்ந்து நின்ற பருவம், அதனால் எப்போதும் சரிவில் இறங்குவது போலவே இருக்கும். அவனிடம் பின்பாரம் கேட்பது எட்டு வயதுப் பையனிடம் நெல்மூட்டை தூக்கச் சொல்வது போல. நேராகப் போ, தாளம் விடாமல் போ, அவ்வளவுதான் கேட்கலாம். ஒருநாள் ஹடேடா பறவை ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு போனதில் துள்ளி என்னை மணலில் போட்டான். தோள் ஒரு வாரம் வலித்தது.

இவன் வந்த பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயமே நடந்தது.

வலப்பக்கம் வட்டமடிக்கும்போது குதிரை வட்டத்தை விட்டு இடப்பக்கம் வழுகிக்கொண்டே போகும். லெராட்டோவிடம் இது இருந்தது. வாசல் அந்தப் பக்கம், லாயத்துக்கு இழுக்கிறாள் என்று காரணம் வைத்திருந்தேன். பூர்பெர்டிடமும் இருந்தது. சின்னவன், நேராகப் போகத் தெரியாது. துரையிடமும் இருந்தது, ஆனால் துரைக்கு நான் காரணம் யோசித்ததில்லை. ஒருநாள் சேணம் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

"துரை எங்கே ஓடினவன்?"

"கிரேவில்லயும் ஸ்காட்ஸ்வில்லயும்."

"ரெண்டும் எந்தப் பக்கம் திரும்புது?"

இரண்டுமே வலப்பக்கம் திரும்பும் ஓடுதளங்கள். டர்பனில் இருப்பவர்களுக்கு இது தெரியும். 1897இலிருந்து நடக்கும் ஜூலைப் பந்தயத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்குக்கூடத் தெரியும். வருடக்கணக்காக வலப்பக்கம் வளைந்து ஓடிய குதிரைக்கு வலது வட்டம் சொந்த வீடு மாதிரி. அவன் ஏன் அங்கே வழுக வேண்டும்?

"மூணு குதிரைக்கும் பொதுவா என்ன இருக்கு, தம்பி?"

"இந்தத் திடல்தான்" என்றேன்.

"அப்புறம்?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. மறுநாள் நான் துரை மேல் ஏறிப் போகும்போது பின்னாலிருந்து போனில் படம் பிடித்தார். பார்த்தேன். என் வலது விலா மடங்கியிருந்தது. வலது தோள் தாழ்ந்திருந்தது. இடுப்பு இடப்பக்கம் சரிந்து, சேணமே முதுகெலும்பிலிருந்து இரண்டு விரல் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு அடியில் போய்ச் சமன் செய்யப் பார்ப்பது குதிரையின் இயல்பு. தலையில் குடம் சரிந்தால் நாம் அந்தப் பக்கம் ஒரு அடி வைப்போமே, அதேதான். மூன்று குதிரைகளும் எனக்காக இடப்பக்கம் வந்துகொண்டிருந்தன. நான் அதைக் குறும்பு, இழுப்பு, தெரியாத்தனம் என்று பெயர் வைத்து வார் கொண்டு திருத்திக்கொண்டிருந்தேன். அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. அந்த வாய்களுக்கு எத்தனை தடவை வலித்திருக்கும் என்றே நினைவு ஓடியது.

எப்படி இப்படி ஆனது? பத்துப் பன்னிரண்டு வருடமாக அலுவலகப் பையை இடது தோளில்தான் மாட்டுகிறேன். நழுவாமல் இருக்க அந்தத் தோள் தூக்கியே இருக்கும், உடம்பு வலப்பக்கம் மடங்கும். அதோடு எல்லோரும் இடப்பக்கத்திலிருந்தே குதிரை ஏறுவதால் இடது அங்கவடியின் தோல்வார் நாளாக நாளாக நீண்டுவிடும். பழைய சேணங்களில் அளந்து பார்த்தால் தெரியும். இரண்டு வாரையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நாங்கள் அதைச் செய்திருக்கவில்லை.

மறுபடி லெராட்டோ, மறுபடி நீளக் கயிறு, மறுபடி அங்கவடி இல்லாமல். வலது கையை வானத்தைப் பார்த்துத் தூக்கியபடி வட்டம் வட்டமாக. ஆறு வாரம். இதில் என்னைக் கலங்கடித்த விஷயம், நேராக உட்கார்ந்தபோது வலப்பக்கம் விழப்போகிறேன் என்று உடம்பு கத்தியது. அக்கா "இப்போதான் நேரா இருக்கே" என்பார். என்னால் நம்ப முடியாது. போனில் பார்த்தால் நேராகத்தான் இருப்பேன். உணர்வை நம்பு, மனசு சொல்வதைக் கேள் என்று சவாரியில் அடிக்கடி சொல்வார்கள். என் உணர்வு பத்து வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறது. மணலில் விழும் தடம், பின்னாலிருந்து பார்க்கும் கண், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத குதிரைகள், இவை மூன்றும் திருத்தித் திருத்தித்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக நம்பத்தக்கதாக ஆனது. எப்போதும் வேறு வேறு குதிரை கிடைப்பதைப் பயிற்சிக்குத் தடை என்று சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குதிரை மாறும்போது மாறாமல் கூடவே வருகிற குறை எதுவோ அதுதான் நம்முடையது. வேறு எப்படி அதைப் பிரித்தெடுப்பது?

அதற்கு அப்புறம்தான் கறுப்பியின் மேல் உட்கார வைத்தார். வார்ம்பிளட் இனப் பெட்டைக்குதிரை, நன்றாகப் பயிற்சி பெற்றவள். சொந்தக்காரர் சில மாதம் வெளிநாட்டில் இருந்ததால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஐந்தே ஐந்து தடவை கிடைத்தாள். முதல் தடவை ஒன்றுமே நடக்கவில்லை. என் தொடை இறுகினால் நின்றுவிடுவாள். கேன்டர் கேட்கும்போது நான் துளி சாய்ந்திருந்தால் தலையைத் திருப்பி ஒரு பார்வை, அவ்வளவுதான். துரையும் லெராட்டோவும் என்னை எவ்வளவு மன்னித்திருக்கிறார்கள் என்று அவளிடம்தான் தெரிந்தது.

மூன்றாவது தடவை. ட்ராட்டில் சுவரோரமாகத் தோளை உள்ளே கொண்டுவரும் பயிற்சி. 18ஆம் நூற்றாண்டில் லா கெரினியர் என்ற பிரெஞ்சு ஆசான் முறைப்படுத்தியது, இன்றும் அதைவிட நல்ல மருந்து கிடையாது என்பார் அக்கா. உள்பக்கத்துப் பின்கால் வயிற்றுக்கு அடியில் வந்தே தீர வேண்டியிருக்கும். பாதித் திடல் வந்ததும் நேராக்கச் சொன்னார். நேராக்கி, மூச்சை விட்டு, முதுகை நிமிர்த்தி, வெளிவார் பிடித்த விரல்களை ஒரு நொடி மூடித் திறந்தேன். ஹாஃப் ஹால்ட், அதாவது பாதி நிறுத்தம், என்பது இவ்வளவுதான். எத்தனையோ நூறு தடவை செய்து ஒன்றும் நடந்ததில்லை.

இந்தத் தடவை அவள் முதுகு எழுந்து என்னிடம் வந்தது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் ஒவ்வொரு அடியும் பெரிதானது. பின்னால் ஏதோ தாழ்ந்து, முன்னால் கழுத்து என் பக்கம் உயர்ந்தது. அதுவரை ட்ராட்டில் எழாமல் உட்கார்ந்தால் பல் கிட்டிக்கும், இப்போது உட்கார இடம் கிடைத்தது. இரண்டு பின்னங்காலும் மாறி மாறி என் இடுப்புக்குக் கீழேயே ஊன்றுவது தெரிந்தது. கையில் வார் கனக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. விரலுக்குள் உயிரோடு ஆடியது. திண்டுக்கல் வெயிலில், நுகத்தடிக்கு அடியில் இருந்த அந்த உள்ளங்கை. பத்து அடி இருக்கும். அப்புறம் சந்தோஷத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், போய்விட்டது.

"ம்" என்றார் அக்கா.

கறுப்பியைச் சொந்தக்காரர் வந்து அழைத்துப்போய்விட்டார். கொஞ்ச நாள் துரையிடம் அதையே தேடிக் கெடுத்தேன். அவன் உடம்பு வேறு, முதுகு நீளம், கட்டமைப்பே ஓடுவதற்கானது. கறுப்பியின் பத்து அடி அவனிடம் அந்த உருவத்தில் வராது. அவனுக்கு அது வரும்போது எப்படி இருக்கும் என்று ஒரு குளிர்காலம் முழுக்கத் தேட வேண்டியிருந்தது. வந்தபோது சின்னதாகத்தான் வந்தது. என் கையிலிருந்து அவன் எடை விலகியது, முதல் தடவையாக மூக்கால் ஊதி நீளமாக மூச்சு விட்டான். அவனுக்கு அதுவே பெரிது.

போன பிப்ரவரியில் ஒரு மாலை. பிப்ரவரியில் எங்கள் பக்கம் குதிரைகளை இருட்டுவதற்கு முன்பே லாயத்துக்குள் கட்டிவிடுவோம். ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பும் குட்டிப் பூச்சிகள் அந்தி நேரத்தில்தான் கடிக்கும். தடுப்பூசி போட்டிருந்தாலும் பயம் பயம்தான். அதனால் அரைமணி நேரம்தான் இருந்தது. லெராட்டோ மேல் ஏறினேன். அவளுக்கு இப்போது 22 வயது, அதிகம் கேட்பதில்லை. நடை, ட்ராட், நடை. இடது, வலது, இடது. வலப்பக்கம் வட்டம். அவள் வாசலைக் கடந்தாள், வழுகவில்லை. கிளம்புகிற காலைத் தொட்டேன். ட்ரிப்பலுக்குப் போகாமல் ட்ராட்டிலேயே இருந்தாள். அந்தக் குட்டை முதுகு, பலகை போன்ற அந்த முதுகு, கொஞ்சமாக எழுந்தது.

இறங்கி, அவளைக் கையில் பிடித்தபடி தடத்தைப் பார்க்கப் போனேன். அக்காவும் வந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் நாலு விரல் பின்னால் விழும் லெராட்டோவின் பின்குளம்பு, முன்குளம்பின் தடத்துக்குள்ளேயே விழுந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அக்கா எண்ணிக்கொண்டே போனார். ஏழாவதில் தடம் பிரிந்தது. அங்கே நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவிருந்தது, அவரிடம் சொன்னேன்.

"சரி, உள்ளே கொண்டு போ தம்பி" என்றார். "பூச்சி வந்துடும்."